பிறக்கும் முன்னே முடிந்துபோகும் பிறப்பு

நாமக்கல் வட்டாரத்தில் விடியுமுன் பயணம் செய்தவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பார்கள். ஊர் முழுவதும் இருண்டு கிடக்கும். கோழிப்பண்ணைக் கொட்டகைகளில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது பண்ணைத் தொழிலின் கணக்கு. மார்கழியின் குறும்பகல் அதற்குப் போதாது. எனவே பல்பு பகலை நீட்டிக் கொடுக்கிறது. கோழியும் அதை நம்பி முட்டையிடுகிறது. ஆனால் அது தான் இட்ட முட்டையை அடைகாப்பதில்லை. அடைகாக்கும் இயல்பே அந்த இனத்திடமிருந்து தலைமுறை தலைமுறையாக நீக்கப்பட்டுவிட்டது. காத்தாலும் பயனில்லை, குஞ்சு பொரிக்கும் கரு அந்த முட்டையில் இல்லை.

பண்ணைத் தொழிலைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. பள்ளிச் சத்துணவுத் தட்டில் விழும் முட்டையும் இங்கிருந்து போவதுதான். நாம் கேட்பது வேறு. பண்ணைக்குப் பொருந்தும் முறை பங்குக்கும் பொருந்துமா? இரவைப் பகலாக்கி, காலத்துக்கு முன்பே விளைச்சல் எடுத்து, அடைகாக்கும் பழக்கத்தையே மறந்துவிட்ட இனமாகத் திருச்சபையின் மக்களாகிய நாம் மாறிக்கொண்டிருக்கவில்லையா?

நமது டிசம்பரைச் சற்று எண்ணிப் பார்ப்போம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்ததோ இல்லையோ, வீட்டு வாசலில் விண்மீன் விளக்கு தொங்குகிறது. முதல் வாரத்தில் ஒரு சங்கத்தின் கிறிஸ்துமஸ் விழா, இரண்டாம் வாரத்தில் இன்னொரு சங்கத்தினுடையது, மூன்றாம் வாரத்தில் பள்ளியில், அலுவலகத்தில், அன்பியத்தில். ஒவ்வொன்றிலும் கேக் வெட்டுகிறோம், பரிசு மாற்றிக்கொள்கிறோம், கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுகிறார். கோவிலுக்குள் அருள்பணியாளர் ஊதா உடை அணிந்து, மனம் மாறச் சொல்லும் திருமுழுக்கு யோவானின் குரலை வாசிக்கிறார். வெளியே ஒலிபெருக்கியில் பாலன் பிறந்துவிட்டார். உள்ளே ஒரு காலம், வெளியே ஒரு காலம்! இரண்டில் நாம் எதை நம்புகிறோம் என்பதை நம் கால்களே சொல்லிவிடுகின்றன.

பின்பு 24ஆம் நாள் இரவு வருகிறது. அதற்குள் பாடற்குழுவுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது, இளைஞர்கள் களைத்துவிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு கேக் திகட்டிவிடுகிறது. நள்ளிரவுத் திருப்பலியில் பாதிப் பேர் உறங்குகிறார்கள். 26ஆம் நாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது என்ற பெருமூச்சு. திருச்சபையோ அன்றுதான் தொடங்கியிருக்கிறது! கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25இல் பிறந்து ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிக்கிறது. திருச்சபை கதவைத் திறக்கும்போது நாம் பந்தலைப் பிரிக்கிறோம்.

இதைச் சிறு பிழை என்று தள்ளிவிட இயலாது. திருவருகைக் காலம் விழாவுக்கு முன் வரும் வெற்று இடைவெளி அன்று. 581ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம், நவம்பர் 11இல் வரும் புனித மார்த்தீன் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்கப் பணித்தது. தவக்காலத்தைப் போல இதுவும் ஒரு நோன்புக் காலமாக விளங்கிய நாடுகள் பல. வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வந்த வழிபாட்டு ஆண்டு ஒழுங்குகள் இக்காலத்துக்கு இரு முகங்கள் உண்டென விளக்கின. ஒன்று, ஆண்டவர் முதன்முறை வந்ததை நினைந்து விழாவுக்கு ஆயத்தமாவது. மற்றொன்று, இறுதி நாளில் அவர் மீண்டும் வருவதை எதிர்நோக்குவது. டிசம்பர் 16 வரை இந்த இரண்டாம் முகமே ஓங்கி நிற்கிறது. 17 முதல் 24 வரையே பெத்லகேமை நோக்கி நேராக நடக்கிறோம். இந்நாள்களின் ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடுவதில்லை. பீடத்தில் மலர்களும் இசைக்கருவியும் அளவோடு இருக்க வேண்டும். பிறப்பின் நிறைமகிழ்ச்சியை முன்கூட்டியே செலவழித்துவிடலாகாது. திருச்சபை தன் பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை, பசியைக் கற்றுக்கொடுக்கிறது. பசித்தவனுக்கே விருந்து விருந்தாகும்.

எதிர்வாதங்களை நாம் அறிவோம். விழா நாள் நெருங்கினால் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே முன்னரே கொண்டாடுகிறோம் என்பது முதலாவது. போனவர்கள் திரும்பி வரமாட்டார்களா? திருக்காட்சிப் பெருவிழாவையொட்டிக் கொண்டாடினால் எந்தச் சட்டம் தடுக்கிறது? கடைவீதியும் மற்றச் சபையாரும் தொடங்கிவிட்டார்கள், நாம் மட்டும் சும்மா இருப்பதா என்பது இரண்டாவது. கடைவீதிக்கு அவசரம் இருப்பது இயல்பே. 25ஆம் நாளுக்குப் பின் அதன் சரக்கு விலைபோகாது. நமது சரக்கு அப்படியா? மகிழ்ச்சியில் என்ன பாவம் என்பது மூன்றாவது. மகிழ்ச்சியில் பாவமே இல்லை. மூன்றாம் ஞாயிற்றை மகிழ்ச்சியின் ஞாயிறு என்றே திருச்சபை அழைக்கிறது. ஆனால் அது வரப்போகிறவரை நினைந்து மகிழும் மகிழ்ச்சி. கருவுற்ற பெண்ணின் முகத்தில் காணும் மகிழ்ச்சி அது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கும் விழாவைப் பிள்ளைப் பேறு என்று எவரும் மயங்குவதில்லையே!

காத்திருத்தல் நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. இந்தச் சமவெளியில் நற்செய்தி வேர்பிடித்த கதையே காத்திருந்த ஒருவரின் கதைதான். தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். இந்த நாட்டுத் துறவியின் கோலத்தில் வாழ்ந்த அவர்மீது உடன் உழைத்தவர்களே குற்றம் சாட்டினார்கள். வழக்கு கோவாவுக்குப் போனது, உரோமைக்குப் போனது. தீர்ப்புக்காகப் பத்தாண்டுக்கும் மேலாக அவர் காத்திருந்தார். 1623 சனவரியில் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தையின் ஆணை அவர் பக்கம் நின்றது. அதே ஆண்டில் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் அவருக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. அங்கிருந்து சேலம் வந்தார். சேலத்தில் அவருக்கு வீடு கொடுப்பார் இல்லை. காற்றும் குளிரும் தடையின்றிப் புகும் ஒரு பாழ்மண்டபத்தில் வாரக்கணக்கில் தங்கினார், காய்ச்சலில் விழுந்தார். ஆயினும் ஊரைச் சபித்துவிட்டுப் போகவில்லை. இருந்தார். மெல்ல மெல்ல மனங்கள் திறந்தன. சேலத்திலும் மோரமங்கலத்திலும் சபைகள் முளைத்தன.

சத்திரத்தில் இடமில்லாத குழந்தையின் பெயரில்தான் சேலத்தின் பேராலயம் நிற்கிறது: குழந்தை இயேசு பேராலயம். அந்தக் குழந்தையை அறிவிக்க வந்தவருக்கும் முதலில் இந்த ஊரில் இடமில்லை. 1930இல் நிறுவப்பட்ட சேலம் மறைமாவட்டத்துக்கு முன்னூறு ஆண்டு முந்திய அடித்தளம் அந்தப் பாழ்மண்டபம் எனலாம். நொபிலி விரைந்திருந்தால், அடுத்த ஊருக்குப் போயிருந்தால், இங்கே அறுவடை எங்கிருந்து வந்திருக்கும்?

இவ்விடத்தில் நம்மை நாமே எச்சரித்துக்கொள்ள வேண்டும். காத்திருத்தலைப் புகழ்வது எளிது. அதிலும் காத்திருக்கத் தேவையில்லாதவர்களுக்கு மிக எளிது. காசுள்ளவன் எதையும் உடனே வாங்குகிறான். வரிசையில் நிற்பவன் ஏழையே. ரேஷன் கடை வாசலில், அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், பட்டா கேட்டுப் போன அலுவலகத் திண்ணையில் அவன் நிற்கிறான். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கிய குடும்பம் அது தீரும் நாளுக்காகக் காத்திருக்கிறது; திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் வடமாநிலம் போனவனின் மனைவி அவன் திரும்பும் நாளுக்காகக் காத்திருக்கிறாள். 2018இல் சேலத்துக்கும் சென்னைக்கும் 277 கிலோமீட்டரில் எட்டுவழிச் சாலை அமைக்கத் திட்டமிட்டார்கள். விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அதற்குச் சொன்ன காரணம். அந்த விரைவுக்காகத் தங்கள் வயலில் கல் நடப்பட்டதைப் பார்த்த உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் அறிவிப்பு செல்லும் என்றது. திருவருகைக் காலத்தின் நடுவில், அமல அன்னையின் பெருவிழா நாளில் வந்த தீர்ப்பு அது. ஒருவருடைய அவசரம் இன்னொருவருடைய காத்திருப்பாக மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே திருவருகைக் காலத்தில் வேகத்தைக் குறைப்பது மன அமைதிக்கான பயிற்சி மட்டும் அன்று. நாம் ஏறியிருக்கும் வண்டியிலிருந்து இறங்கி, காத்திருப்போரின் வரிசையில் போய் நிற்பதே அது. கடவுளும் அதைத்தான் செய்தார். தம் மகனை ஒன்பது மாதம் ஓர் ஏழைப் பெண்ணின் வயிற்றில் காத்திருக்க வைத்தார். வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு நொடியில் இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. கருவறையின் காலத்தை அவர் சுருக்கவில்லை. நாம் மட்டும் ஏன் சுருக்குகிறோம்?

யோர்தான் கரையில் மக்கள் யோவானிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, கண்ணை மூடி அமருங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரி தண்டுபவன் மிகுதியாக வாங்கக் கூடாது. போர்வீரன் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது என்றார். கிறிஸ்தவக் காத்திருப்புக்குக் கையும் காலும் உண்டு.

இனி என்ன செய்யலாம்? பங்குப்பேரவைகளின் முன் சிலவற்றை வைக்கிறோம். விண்மீன் விளக்கை டிசம்பர் 17ஆம் நாள் மாலைவரை ஏற்றாதிருப்போம்; அதுவரை நான்கு மெழுகுதிரிகளின் வெளிச்சம் போதும். குடிலைக் கட்டினாலும் தீவனத் தொட்டி 24ஆம் நாள் இரவுவரை வெறுமையாகவே இருக்கட்டும். அந்த வெறுமையைப் பிள்ளைகள் பார்க்கட்டும், ஏன் என்று கேட்கட்டும். சங்கங்களின் விழாக்களைப் பிறப்பு விழாவுக்குப் பின் அக்காலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். கேரல் குழு வீடு வீடாகப் போகும்போது பெரிய வீடுகளில் தொடங்காமல், நோயாளியும் விதவையும் பணிக்குப் போன மகனை எதிர்பார்க்கும் தாயும் இருக்கும் வீடுகளில் தொடங்கட்டும். பாடலைக் குறைத்துச் சற்று நேரம் அமர்ந்து பேசட்டும். நம்மிடம் வேலை செய்தவருக்குக் கொடுக்க வேண்டிய கூலி ஒரு ரூபாயானாலும் நான்காம் ஞாயிற்றுக்கு முன் கொடுத்துவிடுவோம். அது பாக்கியிருக்க, ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போய் மண்டியிடுவதில் பொருளில்லை.

இவை பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் இவற்றைச் செய்ய முனைந்தால் வீட்டிலேயே எதிர்ப்பு வரும். எல்லார் வீட்டிலும் விளக்கு எரிகிறதே என்று பிள்ளை கேட்கும். அப்போது சொல்வோம்: நாட்டுக்கோழி 21 நாள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. திருவருகைக் காலமோ குறைந்தது 22 நாள், மிகுந்தால் 28 நாள். கோழிக்கு இருக்கும் பொறுமை நமக்கு ஒருநாள் கூடுதலாக இருக்கக் கூடாதா?

இரவு நீளமானதுதான். அதைப் பல்பு போட்டு ஏமாற்ற வேண்டாம். இருட்டிலே அமர்ந்திருப்பவர்களோடு நாமும் அமர்ந்திருப்போம். விடியல் நாம் உண்டாக்குவது அன்று, நமக்கு வருவது. வருகிறவர் வரட்டும். அவர் வரும்போது விழா முடிந்து உறங்குகிறவர்களாக அன்றி, விழித்திருக்கிறவர்களாக அவர் நம்மைக் காணட்டும்.