அந்த இருட்டறையை விட்டுத் தள்ளுங்கள்

கொழும்புக் கோட்டைப் பகுதியில், சிலிங்கோ ஹவுஸ் வளாகத்துக்குள், வளைந்த கூரை போட்ட சின்ன அறை ஒன்று இருக்கிறது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் அடைத்து வைத்த சிறை அதுதான் என்கிறார்கள். நம்மூர் ஆட்கள் இலங்கைக்குப் போனால் அதன் முன்னால் நின்று படம் எடுத்து, ‘கடைசித் தமிழ் மன்னன் கிடந்த இடம்’ என்று போட்டுவிடுகிறார்கள். கீழே வரிசையாக அழுகை முகங்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 1815 பிப்ரவரி 18ஆம் தேதி அரசன் பிடிபட்டான். மார்ச் தொடக்கத்தில் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். 1816 ஜனவரியில்தான் கப்பலேற்றி மதராஸுக்கு அனுப்பினார்கள். இடையில் பத்து மாதத்துக்கு மேல். கூடவே ராணிகள், தாயார், வேலையாட்கள். இத்தனை பேரும் அந்தப் பொந்துக்குள்ளேயா? அப்போது இலங்கையில் ராணுவ மருத்துவராக இருந்த ஹென்றி மார்ஷல் 1846இல் வெளியிட்ட நூலில், அரசனுக்குக் கொடுத்த இருப்பிடம் விசாலமானது, நன்றாக அலங்கரிக்கப்பட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் வெள்ளைக்காரர், தன் ஆட்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார் என்பீர்கள். சரி, சந்தேகப்படுங்கள். ஆனால் அதே சந்தேகத்தை அந்த அறை மீதும் படுங்கள். அதைப் பார்த்தால் காவல்காரன் நிற்கிற அறை மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

“எங்கே வைத்திருந்தால் என்ன, சிறை சிறைதானே?” என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைங்க. இருட்டறை என்றால் கொடுமைக்கார அதிகாரி ஒருவனோடு கதை முடிந்துவிடும். நல்ல வீடு என்றால்தான் ஆங்கிலேயரின் உண்மையான வேலை வெளியே தெரியும். 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்: அரசனின் உறவினர்கள் எல்லோரும் எதிரிகள், அந்த வம்சத்து ஆண்கள் நாட்டுக்குள் காலே வைக்கக் கூடாது. கட்டில், சோறு, வேலையாள், அப்புறம் மானியம் எல்லாம் கொடுத்து ஒரு குடும்பத்தையே வேரோடு பிடுங்கினார்கள். வேலூர்க் கோட்டையிலும் இதேதான். 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தை அங்கே வைத்தார்கள். 1806 கிளர்ச்சிக்குப் பிறகு மகன்களைக் கல்கத்தாவுக்குத் தள்ளினார்கள். பத்து வருஷம் கழித்து அதே கோட்டைக்குக் கண்டிக்காரர் வந்தார். 1832இல் அங்கேயே செத்தார். கோட்டைக்குள் இன்றும் திப்பு மஹால், கண்டி மஹால் என்று பெயர்கள் நிற்கின்றன. பேரைப் பாருங்க, மஹால்!

இது நமக்கும் தெரிந்த வேலைதான். பர்ச் கொலைக்குப் பிறகு பேராக் சுல்தான் அப்துல்லாவை 1877இல் செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1894இல்தான் சிங்கப்பூருக்குத் திரும்ப விட்டார்கள். பதினேழு வருஷம். அங்கேயும் கம்பிக் கதவு இல்லை, வீடுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அறைக்குள் கிடந்த பாவப்பட்ட அரசன் என்றதும், 1814இல் எஹெலபொலவின் மனைவி பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன அரசன் காணாமல் போய்விடுகிறான். ‘நம்ம ஆள்’ என்று கொண்டாட வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வீட்டை அடையாளம் காண வேண்டுமென்றால் பழைய கோட்டை வரைபடம் வேண்டும், காவலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவு எழுதிய கணக்கு வேண்டும், கவர்னரின் கடிதங்கள் வேண்டும். கண்ணீர் வேண்டாம். அடுத்த முறை கொழும்புக்குப் போகிறவர்கள் அந்த அறையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். படம் அங்கேயிருந்து போடுங்கள், நானே முதல் ஆளாக லைக் போடுகிறேன்.