முதல் மழை வந்தால் ஏன் வலையைச் சுருட்டுகிறார்கள்?

ராத்திரி முழுக்க அடித்த புரட்டாசி மழை விடிவதற்குள் ஓய்ந்திருந்தது. கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற குடிகாட்டுக்குப் போயிருந்தேன். ஊருக்குக் கிழக்கே உப்பனாறு. மழைத்தண்ணீர் சேர்ந்து ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. புதுத்தண்ணீர் வந்தால் மீன் ஏறும், வலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் ஒரு பெரியவர் வீச்சு வலையைத் தோளில் போட்டபடி நின்றிருந்தார். வீசவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். கீழே விட்டுவிட்டார்.

“ஏன் ஐயா, வீசலையா?”

“இன்னிக்கு வேணாம் தம்பி. இது கழுவுன தண்ணி. ஒரு பத்து நாள் போவட்டும்.”

வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். மழை வந்தும் மீன் பிடிக்க முடியாத ஆறு எப்படி இருக்கும்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தண்ணீரைப் படிக்கிறவர்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ‘ஸ்டீல்ஹெட்’ என்று ஒரு மீன் உண்டு. ஆற்றில் பிறக்கும், கடலுக்குப் போய் வளரும், முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வரும். இதைப் பிடிக்க மண்புழுவோ இறாலோ வேண்டாம். இறகையும் நூலையும் கொக்கியில் கட்டி, பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செய்து வீசுவார்கள். ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்பது இதுதான்.

அங்கே தூண்டிலை எடுப்பதற்கு முன்னால் ஆற்றைப் பார்ப்பார்கள். விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, என்ன நிறம், எவ்வளவு குளிர் என்று கணக்கு உண்டு. வெள்ளம் சேறாக வந்தால் மீனுக்கு இரை தெரியாது. தண்ணீர் ரொம்பக் குறைந்து தெளிந்துவிட்டால் மீன் மிரண்டு ஒளிந்துகொள்ளும். வெள்ளம் வடிந்து, தண்ணீர் லேசான பச்சைக்குத் திரும்புகிற சில நாட்கள்தான் நல்ல நாட்கள். இதைச் சொல்ல அங்கே அரசாங்கமே ஆறுகளில் அளவுக் கருவி வைத்து, விவரத்தை இணையத்தில் போடுகிறது.

ஸ்டீல்ஹெட் நமக்கு முழுக்க அந்நியமும் இல்லை. நீலகிரியில் அவலாஞ்சி மீன் பண்ணையில் 1907-ல் இருந்து வளர்க்கிறார்களே, அந்த டிரவுட் மீன்களில் ‘ரெயின்போ டிரவுட்’ என்பதும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்குப் போய் வந்தால் ஸ்டீல்ஹெட், ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ டிரவுட்.

அளவுக் கருவி எதுவும் இல்லாமல் குடிகாட்டுப் பெரியவர் செய்ததும் அதே வேலைதான். பிச்சாவரம் பக்கம் இருளர் மக்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை.

நம் ஊர்ப் பயணி: கொடுவா

ஸ்டீல்ஹெட் மாதிரியே நம் ஆறுகளிலும் ஒரு பயணி உண்டு. குழம்புக்கும் வறுவலுக்கும் பேர்போன கொடுவாதான். இதன் பயணம் மட்டும் தலைகீழ். கடலையொட்டிய உப்புத் தண்ணீரில் பிறக்கும். குஞ்சாக இருக்கும்போதே முகத்துவாரம் வழியாகக் கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் ஏறி வந்து வளரும். முட்டையிடும் வயதில் மறுபடி கடல் பக்கம் இறங்கும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிர்ச்சி அடையும். சில வருடங்கள் கழித்து, நன்றாகப் பருத்த பிறகு, பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடும். அதனால் சந்தையில் வாய் பிளந்து கிடக்கிற பெரிய கொடுவா அநேகமாகத் தாய் மீனாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது.

தமிழகக் கரையில் கொடுவாக் குஞ்சுகள் அதிகமாகக் கிடைப்பது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. நம் கணக்கில் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. இந்த மாதங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

நான்கு பருவம், நான்கு தண்ணீர்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே ஆய்வு செய்பவர்கள் நம் கழிமுகங்களின் வருடத்தை நான்காகப் பிரிப்பார்கள். உப்பனாற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்குப் பிந்தைய காலம். வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்து, நன்னீரும் உப்பும் கலந்து கிடக்கும். மடவை, இறால், நண்டு என்று வலைக்கு வேலை இருக்கும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை. மேலேயிருந்து நன்னீர் வராது. கடல் தண்ணீர் ஏறி ஏறி, வெயிலில் காய்ந்து, ஆறு கிட்டத்தட்டக் கடல் உப்புக்கே வந்துவிடும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்கு முந்தைய காலம். கோடை மழை, ஆடி ஆவணி மழை என்று கொஞ்சம் கொஞ்சமாக உப்பு குறையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பரவனாற்றுத் தண்ணீரும் ஊர் வாய்க்கால்களின் தண்ணீரும் சேர்ந்து உப்பனாற்றைத் தள்ளிக்கொண்டு போகும். கெடிலமும் உப்பனாறும் கூடுகிற கடலூர் துறைமுக முகத்துவாரம் வழியாக எல்லாம் கடலுக்குப் போய்ச் சேரும்.

வங்கக் கடலின் நம் பகுதியில் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதனால் கோடையில் ஆற்றில் விழுகிற எதுவும் சீக்கிரம் வெளியே போகாது. ஊர்ச் சாக்கடை, படகுகளின் எண்ணெய், ஆலைப் பக்கத்துக் கசிவு என எல்லாமே வண்டலாகப் படிந்து மழைக்காகக் காத்துக்கிடக்கும்.

முதல் பெருமழை அதைக் கிளறிவிடுகிறது. கரையோரம் தேங்கியதையும் வாரிக்கொண்டு வருகிறது. கிளறிய அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீன் மூச்சுத் திணறி மேலே வந்து வாய் பிளக்கும். பெரியவர் சொன்ன ‘கழுவுன தண்ணி’ இதுதான். பெரிய மீனாவது நீந்தித் தப்பிக்கும், விரல் நீளக் குஞ்சு என்ன செய்யும்? கொடுவாக் குஞ்சு ஆற்றுக்குள் ஏறுகிற மாதங்களும் ஆறு தன்னைக் கழுவிக்கொள்கிற மாதங்களும் ஒன்றாக இருக்கின்றன.

கதவு மூடுவதில் இரண்டு வகை

பயணம் செய்கிற மீனுக்கு ஆறு ஒரு பாதை. அந்தப் பாதையைச் சுவர் வைத்தும் மூடலாம்.

நம் மாவட்டத்தின் தெற்கு எல்லையான கொள்ளிடத்தில் அதுதான் நடந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. வீராணம் ஏரிக்கும் சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் தண்ணீர் தருவது அதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளம் மீனுக்கு அது சுவர். வங்காளிகள் உயிரை விடுகிற ‘இலிஷ்’தான் நம் உள்ளம். ஸ்டீல்ஹெட் மாதிரியே கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன். இப்படி அணைகள் மீன்களின் வழியை மறிப்பதைப் பற்றி பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1873-லேயே அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

உப்பனாற்றில் சுவர் எதுவும் இல்லை. முகத்துவாரம் திறந்துதான் இருக்கிறது. இங்கே கதவை மூடுவது தண்ணீரேதான்.

1980-களில் சிப்காட் வந்தது. காற்று நெடிக்கும் ஆற்று நீருக்கும் எதிராகக் குடிகாடு, ஈச்சங்காடு, சோனாஞ்சாவடி பக்கத்து மக்கள் வருடக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். 2004-ல் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 43 தொழிற்பகுதிகளை ‘மிக மோசமாக மாசடைந்தவை’ என்று பட்டியலிட்டபோது, அதில் கடலூரும் இருந்தது. சுத்திகரித்த ஆலைக் கழிவுநீரைக் குழாய் வழியாகக் கடலுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் முதல் மழைக்கு வலையைச் சுருட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை.

யாருக்குத் தடை, எப்போது?

நமக்குத் தெரிந்த மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். அது கடலில் போகும் விசைப்படகுகளுக்கு. ஆற்றில் குஞ்சு ஏறும் புரட்டாசி, ஐப்பசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதே கொடுவாவை ‘பாராமுண்டி’ என்பார்கள். தூண்டில்காரர்கள் விமானம் ஏறிப் போய்ப் பிடிக்கிற மீன். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைவானதையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது. சின்னது வளர வேண்டும், பெரியது தாய் என்ற கணக்கு. அங்கே கிழக்குக் கரையில் முட்டையிடும் காலமான நவம்பர் முதல் ஜனவரி வரை கொடுவா பிடிக்கவே தடை.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி குடிகாட்டுக்குப் போனேன். பெரியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு மடவையோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு கொடுவாக் குஞ்சும் வந்தது. தலையில் வெள்ளைக் கோடு இருந்தது. பையில் போட்டுக்கொண்டார்.

“குஞ்சாச்சே ஐயா, விட்டுடலாமே?”

“நான் விட்டா எதிர்க்கரையில ஒருத்தன் புடிப்பான் தம்பி. அவனும் புடிக்கலன்னா அடுத்த கழுவுன தண்ணியில செத்து மெதக்கும். அதுக்கு எங்க வூட்டு சட்டியில கெடக்கட்டும்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஒருத்தரைத் திருத்தி ஆற்றைக் காப்பாற்ற முடியாது. தண்ணீர் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான், ‘இதை விட்டால் நாளைக்குப் பெரிய மீனாக வரும்’ என்று யாருக்கும் தோன்றும்.

நம்மால் முடிந்தது

மீன் வாங்கும்போது கொடுவா பொடியாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-லேயே கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைத்துவிட்டது. பொரிப்பகக் குஞ்சிலிருந்து வளர்த்த கொடுவா சந்தைக்கு வருகிறது. அதைக் கேட்டு வாங்கலாம்.

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதும் பெரிய விஷயம் இல்லை. முதல் மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் வாரம் ஒரு தடவை, குடிகாட்டுக் கரையில் உப்பனாற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். ஆக்சிஜன் எவ்வளவு, உப்பு எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு பலகையில் வையுங்கள். ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகிற பொழுதுபோக்குக்காரருக்கே அங்கே அரசாங்கம் ஆற்றின் கணக்கைச் சொல்கிறது. இங்கே ஆற்றை நம்பிச் சட்டி வைக்கிறவர், தண்ணீரை மோந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

உங்கள் ஊர் ஆற்றில் முன்பு வந்து இப்போது வராத மீன் எது? வீட்டில் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.