பேனல் வக்கீல் பார்க்காத பக்கம்

பொத்தேரியில் ஃபிளாட் வாங்க வங்கிக் கடன் கேட்டால், பத்திரம் பார்ப்பவர் வங்கியின் பேனல் வக்கீல். ஆளைத் தேர்ந்தெடுப்பது வங்கி, ஃபீஸ் மட்டும் நம் தலையில்! வழக்கமாக அவர் பார்ப்பது முப்பது வருஷ வில்லங்கம். நம்ம கணக்கோ 1892-ல் தொடங்குகிறது தோழர்களே. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையால் கிடைத்த பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக்கூடாது, அப்புறமும் நம்மவருக்குள்தான் கைமாறணும். அந்த நிபந்தனை முப்பது வருஷத்துக்குள் எங்கே தெரியும்? காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடித்தான் 1994 அக்டோபர் 10 துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டைப் பார்க்காத வக்கீலின் கருத்துரையை வங்கிகள் வாங்கவே கூடாது என்கிறேன். சரி, அந்தப் பேனலில் சேரி வக்கீல்கள் எத்தனை பேர்? பட்டியலைக் காட்டட்டும்.