பழகியதை வைத்துப் பாருங்கள்



தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து ஒருநாள் விடிய வீட்டுக்கு வந்தோம். குசினி முழுக்கக் கருகல் மணம். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றிச் சட்டி கறுத்துப் போயிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா, "ஆர் இந்த அடுப்பைப் போட்டது?" என்று எங்களையே கேட்டார்.

அதற்கு முன் ஒரு வருடமாக நாங்கள் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தோம். வயது போனால் மறதி வரும்தானே, ஜேர்மனி புது இடம்தானே என்றோம். ஊர்க்கதை எல்லாம் பிசகாமல் சொல்கிறார், மூளையில் ஒரு குறையும் இல்லை என்றும் நினைத்தோம். அங்கேதான் பிழை விட்டோம். இந்த வருத்தத்தில் முதலில் அழிவது காலையில் நடந்ததுதான். நாற்பது வருடத்துக்கு முந்தியது கனகாலம் நிற்கும்.

அகதியாக வந்த நாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டொச் சொல் மனதில் நிற்கவில்லை, பஸ் மாறி ஏறிவிட்டார் என்பதெல்லாம் மறதிநோய் அல்ல. அவை அவர் இன்னும் படிக்காத விடயங்கள். பழகியதை வைத்துப் பாருங்கள்.

திறப்பை வைத்த இடம் மறந்து, தேடி எடுப்பது வயதின் மறதி. திறப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, யாரோ களவெடுத்ததாகச் சண்டை பிடிப்பது வேறு. தெரிந்தவரின் பெயர் பின்னேரம் நினைவுக்கு வந்தால் பயமில்லை. பதில் சொல்லி ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் கவனியுங்கள். ஒருநாள் உப்புப் போட மறப்பது எல்லோருக்கும் உள்ளது. காலமெல்லாம் அவித்த பிட்டின் பக்குவம் தெரியாமல் நிற்பதும், தினம் நடக்கும் தெருவில் வீட்டைத் தேடுவதும் அப்படியல்ல.

இவற்றைக் கண்டால் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தமிழ் தெரிந்த வளர்ந்தவர் ஒருவர் மொழிபெயர்க்கட்டும், பிள்ளைகளை அதற்கு இழுக்க வேண்டாம். டொச் விளங்காததை மறதி என்று எழுதிவிடக் கூடாது. எல்லா மறதியும் இந்த நோயும் அல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில நித்திரைக் குளிசைகள் ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு.

இந்த வகை நோய்களில் கூடுதலாகக் காண்பது அல்சைமர். 1906 இல் இதை முதலில் விபரித்தவர் ஜேர்மன் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். 1901 இல் பிராங்போர்ட்டில் அவர் பார்த்த அந்த நோயாளிக்கு 51 வயதுதான். இன்றும் முற்றாக மாற்ற மருந்தில்லை. ஆனால் நேரத்தோடு தெரிந்தால் ஆயத்தம் செய்யலாம்.

எங்கள் அம்மாவை ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார் வைத்தியர். இலக்கங்கள் எல்லாம் ஒரு பக்கத்தில் குவிந்தன. இப்போது அடுப்புக்குத் தானாக அணையும் கருவி பூட்டியிருக்கிறோம். ஒருவர் பகல், ஒருவர் இரவு என்று வேலையை மாற்றி எடுத்தோம். முன்பு, "இப்பதானே சொன்னோம்!" என்று அம்மாவை ஏசியிருக்கிறோம். அதை நினைக்க நெஞ்சு நோகிறது. நீங்கள் ஏச முன் ஒருமுறை யோசியுங்கள்.