ஜேடர்பாளையத்திற்கு ஒருநாட் பிரயாணம்

உல்லாசப் பிரயாணத்திற்கு இடம் தேடும் காலம் வந்ததும் நமது கலாசாலை மாணாக்கரிடையே ஜேடர்பாளையத்தின் பெயர் அடிபடுவது இயல்பே. பரமத்தி வேலூருக்கு மேற்கே காவிரியின் இடது கரையில், ஆற்றின் குறுக்கே ஒரு படுகையணையும், அதனருகே நிழல் தரும் பூங்காவும், சுடச்சுடப் பொரித்த மீனும் ஒருங்கே கிடைக்கும் இடம் அது. அங்கே போகலாமா என்பதில் எமக்கு ஐயமில்லை. எப்பொழுது போவது, போய் எதைப் பார்ப்பது என்னும் இரண்டிலும் நம்மவர் போதிய சிந்தை செலுத்துவதில்லை என்பதே எமது கருத்து.

பெரும்பாலோர் விடுமுறை அட்டவணையைப் பார்த்து நாளைக் குறிக்கின்றனர். ஆறோ அவ்வட்டவணைக்குக் கட்டுப்பட்டதன்று. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்தது முதற்கொண்டு, காவிரியின் பெருக்கு வானத்தை மட்டுமன்றி மதகையும் பொறுத்ததாயிற்று. தஞ்சைப் பாசனத்திற்காக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது மரபு. நீர் குறைந்த ஆண்டுகளில் இம்மரபு தவறுவதும் உண்டு. வழியிலே பவானியாறு வேறு வந்து கலக்கிறது. இவை போதாவென்று, ஜேடர்பாளையத்திற்குச் சற்று மேலே சோழசிராமணியில் மின்சார உற்பத்திக்கென ஒரு கதவணை இருக்கிறது. அதன் கதவுகள் திறக்கப்படுங்கால், தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே காலடியில் நீர் உயரும். காலையில் நாம் அமர்ந்து பேசிய பாறை நண்பகலில் நீருள் மறைந்துவிடக் கூடும். ஆதலின், பிரயாணக் காரியதரிசி செய்யத்தக்க முதற்காரியம் வண்டி பேசுவதன்று. நீர்வளத் துறையினரிடம் அவ்வாரத்து நீர்வரத்தை விசாரித்து அறிதலேயாம்.

ஆடிப் பதினெட்டு அன்று போகவேண்டும் என்பார் சிலர். அன்று ஆற்றங்கரை மக்களுக்கு உரியது. முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டு வரும் தாய்மாருக்கு இடையே நூறு மாணாக்கர் புகுந்து ஆரவாரம் செய்வது அழகன்று. ஆறும் பெருக்கெடுத்து ஓடும் காலம் அது.

நிற்க, நீராட்டத்தைப் பற்றிச் சிறிது கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. நீந்தத் தெரிந்தவனுக்கு அச்சமில்லை என்பது நம்மிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணம். அணையின்மீது வழிந்து விழும் நீர் அடியிற்சென்று மீண்டும் அணையை நோக்கியே புரளும். அச்சுழலில் அகப்பட்டவன் எத்துணை வல்லவனாயினும் கரைக்கு வருவது அரிது. இதுவன்றி, காவிரியில் மணல் அள்ளிய இடங்களிலே முழங்கால் நீரை அடுத்து ஆளை விழுங்கும் பள்ளம் இருப்பதும் உண்டு. மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் தோன்றும். பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்பிய பெற்றோர் நம்மிடம் ஒப்புவித்திருப்பது அவர்களுடைய படிப்பை மட்டுமன்று. ஆதலால் அணைக்குக் கீழே எவரும் இறங்கலாகாது. உள்ளூர்ப் பெண்டிரும் சிறுவரும் குளிக்கும் துறை எதுவோ அதில், பத்துப் பத்துப் பேராக, ஆசிரியர் ஒருவர் கரையில் நின்று தலையெண்ணிக் கொண்டிருக்க நீராடட்டும். உற்சாகம் குறையுமே என்பார்க்கு யாம் விடை கூறப்போவதில்லை.

இனி, பார்ப்பது எதனை? அணையைக் கண்டு, பூங்காவில் உண்டு, படம் பிடித்துத் திரும்புகின்றவர், அந்த அணை ஏன் அங்கே இருக்கிறதென்று கேட்பதேயில்லை. அது காட்சிக்காகக் கட்டியதன்று. இராஜவாய்க்காலுக்கு நீர் திருப்புவதற்காகக் கட்டியது. பதினேழாம் நூற்றாண்டில் பரமத்தியிலிருந்து ஆண்ட அல்லாள இளைய நாயகர் அவ்வாய்க்காலை வெட்டுவித்தார் என்று இந்நாட்டார் நன்றியோடு கூறுவர். அவருடைய சிலையும் அவ்வூரில் இருக்கிறது. ஆறு தாழ்ந்து ஓட, நிலம் மேடாகக் கிடந்த பகுதிக்கு நீரைக் கொண்டுபோக, ஆற்றின் மேற்பகுதியிலேயே அதனைத் தடுத்து, வாட்டம் பார்த்து வாய்க்கால் இறக்கிய அறிவு எளியதன்று. கணிதமும் பௌதிகமும் பயிலும் நம் மாணாக்கர் அவ்வாய்க்கால் தலைப்பிலிருந்து கரையோடு இரண்டு மைல் நடந்து பார்த்தால், பாடப்புத்தகம் ஒருவாறு விளங்கும்.

நடக்கும் வழியில் இருபுறமும் வாழையும் கரும்பும் தென்னையும் காணலாம். அகத்தியின்மேல் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்களும் இப்பகுதிக்குப் பெயர் தந்தவை. வேலூர் வெற்றிலைக் கடைகளில் 104 கவுளியை ஒரு சுமை என்று கணக்கிடுகின்றனர். நூறோடு நில்லாமல் அந்த நான்கு எதற்கென்று பொருளாதார மாணாக்கர் யாரேனும் விசாரித்து வந்து சொல்லலாம். மார்கழி, தை மாதங்களிற் சென்றால், பொங்கலை முன்னிட்டு ஆலைக்கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சுவதையும் பார்க்கலாம். சாறு பிழிந்த சக்கையே உலர்ந்து அடுப்பெரிக்க, கொப்பரையில் பாகு கொதிக்கும் மணம் தெருவரை வரும். அவ்வெல்லம் பிலிக்கல்பாளையத்து ஏலச் சந்தைக்குப் போய் அங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கிறது. வெயிலும் அப்பொழுது தணிந்திருக்கும். இக்காரணங்களால் எமது வாக்கு அவ்விரு மாதங்களுக்கே.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. வாழை விளையும் சீமைக்குப் பிளாஸ்டிக் தட்டுகளைச் சுமந்து செல்வதைப் போன்ற விந்தை வேறில்லை. நாம் ஆற்றோரத்தில் எறிந்துவிட்டு வரும் குப்பை, வாய்க்கால் மதகிற் சிக்கி, கடைமடையில் நீருக்குக் காத்திருக்கும் குடியானவன் தலையில் விடிகிறது. இலையை அங்கேயே வாங்குவோம். உண்ட இலையையும் மீன்முள்ளையும் கூடையில் கட்டி வண்டியில் ஏற்றுவோம்.

வாய்க்காலைத் துப்புரவு செய்வதற்காக நீரை நிறுத்தும் நாட்களும் உண்டு. அந்நாட்களில் போனால் வெறும் மண்ணைத்தான் காணலாம். ஆகவே காரியதரிசிகள் கார்த்திகை முடிவதற்குள் இருவரை முன்கூட்டி அனுப்பி, நீராடும் துறை எது, வாய்க்கால் ஓடுமா, ஆலையாடும் கொட்டகை எது என்று கேட்டு வரச் செய்யட்டும். கட்டணம் வசூலிப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.