பள்ளிக்கூட வாசலில் ஒரு பொய்!



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர் நர்சரிப் பள்ளிகளின் வாசலில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மூன்று வயதுப் பிள்ளை உம்மாவின் துப்பட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கதறும். ஆயா ஒரு பக்கம் வேடிக்கை காட்டுவார். பிள்ளை திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் உம்மா மறைந்துவிடுவார். கேட் மூடப்படும். "ரெண்டு நாள் அழும், அப்புறம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு நாம் கடை திறக்கப் போய்விடுவோம்.

நானும் அப்படிப் போனவன்தான். "மிட்டாய் வாங்கிட்டு வர்றேன், இங்கேயே இரு" என்று சொல்லி என் மூத்த மகளை விட்டுவிட்டு வந்தேன். மிட்டாயும் வரவில்லை, வாப்பாவும் வரவில்லை. அன்று முதல் நான் தொழுகைக்குப் புறப்பட்டாலும் என் செருப்பை ஒளித்து வைத்தாள். அவள் உம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தோம். கோளாறு பிள்ளையிடம் இல்லை. என் வாக்கில் இருந்தது!

வியாபாரச் சகோதரர்களே! மொத்தக் கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமை பணம் தருவதாகச் சொன்னால், கடன் வாங்கியாவது வெள்ளிக்கிழமை கொடுக்கிறீர்கள். ஏன்? நாணயம் போனால் தொழில் போய்விடும். அந்த நாணயத்தைப் பெற்ற பிள்ளையிடம் காப்பாற்ற வேண்டாமா?

ஒரு தாய் தன் சின்ன மகனை, ஒன்று தருகிறேன் வா என்று கூப்பிட்டார். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதையும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். அபூதாவூதில் உள்ள இந்தச் செய்தியை மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் மட்டும் மறந்துபோனேன்!

போனவர் வருவாரா?

எல்லாப் பிள்ளைகளும் புது இடத்தில் கொஞ்சம் அழும். அது இயல்பு. ஆனால் சில பிள்ளைகள் உம்மாவை ஒரு நிமிடமும் விடாது. அவற்றின் கதையைக் கேட்டுப் பாருங்கள். வாப்பா வளைகுடாவில் இருப்பார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளை முகம் பழகி, மடியில் ஏறத் தொடங்கும்போது விமானம் ஏறிவிடுவார். சில வீடுகளில் உம்மா பல நாள் மருத்துவமனையில் கிடந்திருப்பார். சில பிள்ளைகள் பெற்றவரையே இழந்திருக்கும். 'போனவர் வரமாட்டார்' என்பதுதான் அவை கற்ற முதல் பாடம். அந்தப் பிள்ளையை ஏமாற்றி விட்டுவிட்டு வருவது அதே பாடத்தை இரண்டாம் முறை நடத்துவதாகும்.

"இப்போது அழுவதே இல்லையே, பழகிவிட்டதே" என்கிறீர்களா? இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு காலத்தில் அங்கே மருத்துவமனையில் சேர்த்த குழந்தையைப் பெற்றோர் பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதி. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது மருத்துவமனைகள் சொன்ன நியாயம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்து, 1952இல் வெளியிட்டார். அவரும் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரும் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள்: பிரிந்த குழந்தை முதலில் கதறுகிறது, பிறகு சோர்ந்துபோகிறது, கடைசியில் மனத்தை மூடிக்கொள்கிறது. அந்த அமைதி பழக்கமல்ல, நம்பிக்கை இழப்பு! 1959இல் அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்க விடுங்கள் என்று பரிந்துரைத்தது.

நான்கு மணி நேரப் பள்ளியும் மருத்துவமனையும் ஒன்றல்ல. ஆனால் அழுகை நின்றதை மட்டும் வைத்துப் பிள்ளை தேறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

என்ன செய்யலாம்?

இது பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பிள்ளையை நன்னியிடம் பத்து நிமிடம் விட்டுப் போங்கள். போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். பிறகு அரை மணி, ஒரு மணி என்று கூட்டுங்கள். பள்ளிக்கு இரண்டு மூன்று முறை சும்மா கூட்டிப்போய், டீச்சர் முகத்தையும் கழிப்பறை இருக்கும் இடத்தையும் காட்டுங்கள்.

மூன்று வயதுக்குக் கடிகாரம் தெரியாது. ஆனால் பாங்கு தெரியும். "லுஹர் பாங்கு கேட்கும்போது உம்மா வாசல்ல நிப்பேன்" என்று சொல்லுங்கள். பாங்கு கேட்கும்போது நின்றே ஆக வேண்டும்! உம்மாவின் கைக்குட்டை ஒன்றைப் பையில் வைத்து அனுப்புங்கள். ஒரு முத்தம், ஒரு ஸலாம், அதோடு கிளம்புங்கள். போவதுபோல் போய்த் திரும்பித் திரும்பி வராதீர்கள். "சேட்டை பண்ணினா பள்ளிக்கூடத்துல விட்டுடுவேன்" என்று மறந்தும் மிரட்டாதீர்கள்.

வளைகுடாச் சகோதரரே! நீங்கள் விமானம் ஏறும் வாரத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காதீர்கள். ஒரே வாரத்தில் இரண்டு பிரிவு வேண்டாம். போனில் முகம் பார்த்துப் பேசும்போது, "அடுத்த மாசம் வர்றேன்" என்ற பொய்யும் வேண்டாம்.

வாரக்கணக்கில் அழுகை குறையாவிட்டால், தூக்கமோ சாப்பாடோ கெட்டால், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். யாரிடமும் ஒட்டாத பிள்ளையையும், முன்பின் தெரியாதவர் பின்னாலும் போய்விடும் பிள்ளையையும் காட்டுங்கள். தாயத்துக் கட்டி நாளைக் கடத்தாதீர்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன.

கேட்டைத் திறந்து வையுங்கள்!

கடைசியாக, நர்சரிப் பள்ளி நடத்தும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கட்டடம் கட்டினீர்கள், வேன் வாங்கினீர்கள். முதல் ஒரு வாரம் உம்மாவோ நன்னியோ வகுப்பின் ஓரத்தில் உட்கார ஒரு பாய் விரிக்கக் கூடாதா? முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டக் கூடாதா? இதற்கு நன்கொடை வசூலிக்க வேண்டியதில்லை. ஒரு தீர்மானம் போதும்.

இளைஞர்களே! அந்தத் தீர்மானத்துக்காக உங்கள் நிர்வாகத்திடம் பேசுங்கள். நம் பிள்ளைகள் டாக்டராக வேண்டும், வக்கீலாக வேண்டும் என்று முழங்குகிறோம். அந்தப் படிப்பு தொடங்குகிற வாசலில் அவர்கள் சந்திக்கும் முதல் மனிதர் பொய்யராக இருக்கக் கூடாது. என் மகளின் நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அந்த நட்டம் வேண்டாம்!