சென்சார்தான் அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல

திருநெல்வேலி வட்டாரத்தில் பழைய கார் பார்க்கப் போன யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க முடியாது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரியும். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் அணையாது. கேட்டால் புரோக்கர் சிரிப்பார். “சென்சார்தான் அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல. நம்ம பையன் கிளியர் பண்ணிருவான்.” பையன் வருவான், ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ சொருகுவான், இரண்டு நிமிடத்தில் விளக்கு போய்விடும். பத்து நாளில் திரும்ப வரும். அதற்குள் பணம் கை மாறியிருக்கும்.

முழுப் பொய்யைக்கூடப் பிடித்துவிடலாம், இது அரை உண்மை. விளக்கை எரியவைத்தது ஒரு சென்சார்தான். ஆனால் சென்சார் கெட்டுப்போனதால் எரிகிறதா, சென்சார் ஒழுங்காக வேலை செய்வதால் எரிகிறதா? இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வேலை இருக்கிறது, அழித்துவிட்டால் வியாபாரம் இருக்கிறது. விளக்கை அணைத்துப் பிழைக்கிற புரோக்கரும், விளக்கு சொல்வதைப் படிக்கவிடாமல் பூட்டி வைத்திருக்கிற கம்பெனியும் ஒரே கூட்டு வியாபாரத்தின் பங்குதாரர்கள் என்பது என் கட்சி. இருவருக்கும் பரிச்சயமே இருக்காது. ஆனாலும் பங்குதாரர்கள்தான்.

நான் ஓட்டுவது டர்போ வைத்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாவது கை. பெங்களூரில் பதிவானது, இங்கே கொண்டுவந்து தமிழ்நாட்டு வரியை மறுபடி கட்டிப் பெயர் மாற்றினேன். கம்பெனி பெயர் வேண்டாம், யாராக இருந்தாலும் இதுவே கதை. பாளையங்கோட்டையில் எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்பவர்கள் அதிகாலையில் நாங்குநேரி வரை நாலுவழிச் சாலையில் ஒருமுறை வந்து பார்க்கட்டும். அந்த வண்டியில் விளக்கு நான்கு முறை வந்தது.

முதல் முறை வந்தபோது ரீடரில் காட்டியது பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார், எரிந்து வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் மிஞ்சுவதைக் கண்டு சொல்கிறது. கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுகிறது. போதவில்லை, இன்னும் கூட்டுகிறது. தனக்கு விதித்த எல்லை வரை கூட்டியும் சரியாகவில்லை என்றால் அதைக் குறித்துவைக்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே நிலைமை என்றால்தான் விளக்கைப் போடுகிறது. ஒருமுறை தவறியதற்கெல்லாம் கூப்பாடு போடாத, நிதானமான ஏற்பாடு. குறித்துவைக்கும்போது என்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, சூடு எவ்வளவு, வேகம் என்ன என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறது. ‘கிளியர்’ செய்கிற பையன் அழிப்பது இந்தப் பதிவைத்தான்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் என்ன செய்தார்கள்? ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். தூதனைக் கொல்லலாகாது என்று விபீஷணன் ராவணன் சபையில் சொன்னதை இவர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை போல. சென்சாருக்கான பில் மட்டும் பல ஆயிரம். விளக்கு மூன்று வாரத்தில் வந்தது. அடுத்து இக்னிஷன் காயில். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை கணினியையே மாற்றலாமா என்று எஸ்டிமேட் போட்டார்கள். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய கார் வாங்கலாம்.

கண்டுபிடித்தது கே.டி.சி. நகர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் தொழில் நடத்துகிற ஒரு தம்பி. பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தவர். “சென்சார் பொய் சொல்லல அண்ணாச்சி. எங்கயோ காத்து களவு போவுது, பொறுங்க பாக்கேன்” என்றார். காற்று உள்ளே போகும் பாதையில் புகையைச் செலுத்தி, என்ஜினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாயின் வளைவில் அது கசிவதைக் காட்டினார். நம்மூர் வெயிலிலும் டர்போவின் சூட்டிலும் வெந்து, விரல் நகம் அளவுக்கு வெடித்திருந்தது. அளந்து உள்ளே விட்ட காற்றோடு அளக்காத காற்றும் கலந்தால் சென்சார் வேறென்ன சொல்லும்?

நான்காவது முறை கோளாறு வேறு. த்ராட்டில் பாகத்தை மாற்ற வேண்டியிருந்தது. தம்பி அரை மணியில் மாட்டிவிட்டார். ஆனால் வண்டி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. புதுப் பாகத்தைக் கணினியில் பதிந்தால்தான் ஏற்கும், பதிவதற்குக் கம்பெனி சர்வருக்குள் போகும் அனுமதி வேண்டும், அது தம்பிக்குக் கிடைக்காது. ஓடக்கூடிய வண்டியை லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். அங்கே ஒருவர் லேப்டாப்பைச் சொருகிப் பத்து நிமிடத்தில் முடித்தார். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வண்டியைச் சுமந்துபோனது ஒரு கடவுச்சொல்லுக்காக.

இது சட்டம் அறியாத விஷயமும் இல்லை. உதிரிபாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தடுக்கிறார்கள் என்று 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மஹிந்திரா தொடங்கி பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் வரை எல்லோரும் பட்டியலில் உண்டு. பாகங்களையும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவேண்டும், வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் உத்தரவு. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தவறு தவறுதான் என்றது, மூன்று நிறுவனங்களுக்கு மட்டும் தொகையைக் குறைத்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. இத்தனைக்கும் பிறகுதான் என் கார் லாரி ஏறி மதுரைக்குப் போயிற்று.

கம்பெனிகளின் பதில் எப்போதும் ஒன்றுதான்: பாதுகாப்பு. கண்டவர்கள் கணினிக்குள் நுழைந்தால் திருட்டு நடக்கும், புகைக் கட்டுப்பாட்டைக் கெடுப்பார்கள். முதல் பாதியில் நியாயம் உண்டு. சாவி, திருட்டுத் தடுப்பு சம்பந்தப்பட்டதைத் தனியாகப் பூட்டட்டும், யார் கேட்டார்கள்? புகை விஷயத்தில் இவர்கள் வாய் திறக்கக்கூடாது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் யோக்கியமாகவும் ரோட்டில் இறங்கினால் வேறு மாதிரியும் நடக்கும்படி டீசல் என்ஜின் கணினிக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம் எது? 2015 செப்டம்பரில் பிடிபட்டது ஃபோக்ஸ்வாகன். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அந்த வேலையைச் செய்தது எந்தத் தகரக் கொட்டகையும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மக்கள் 2012லேயே பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓட்டுப் போட்டார்கள், நூற்றுக்கு 86 பேர் ஆதரவு. அதனால் அங்கே கார்களெல்லாம் களவு போய்விடவில்லை.

இன்னொரு கூட்டம் உண்டு, நண்பர்கள் கூட்டம். “செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குனவனுக்கு அழ என்னவே உரிமை? ஆசைப்பட்டேல்லா, அனுபவி.” பணக்காரன் வயிற்றுவலி என்கிறார்கள். இவர்கள் தங்கள் பைக்கைப் பார்க்கட்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து புதிதாக விற்கிற ஒவ்வொரு இருசக்கர வண்டியிலும் இதே ஆரஞ்சு விளக்கு இருக்கிறது. வாழைத்தார் ஏற்றுகிற குட்டி லாரியிலும் இருக்கிறது. என் வண்டிக்கு இன்று நேர்வது பால்காரரின் வண்டிக்கும் நேரும். அவருக்கு மதுரை லாரிக் கூலி ஒரு மாத வருமானம்.

நம் ஊருக்கென்று ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்தது. அதே மாதம் சென்னையும் மிதந்தது. மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்கா போயின? சீட்டைக் காயவைத்து, சென்ட் அடித்து விற்கிறார்கள். ஆனால் ஒயர் இணைப்புகளுக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் செம்பை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஒரு கோடு, அடுத்த மாதம் சம்பந்தமே இல்லாத வேறொரு கோடு என்று மாறி மாறி வந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்த வண்டி முங்கியது என்று வாங்குபவனிடம் சொல்லக்கூடிய ஒரே யோக்கியமான சாட்சி அந்த விளக்கு. அதைத்தான் பையன் இரண்டு நிமிடத்தில் வாயடைக்கிறான்.

முழுதாக அடைக்க முடிவதில்லை என்பது ஒரு ஆறுதல். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ரீடர், கூட ஒரு செல்போன் போதும். பெரும்பாலான வண்டிகள் ‘கோடு அழித்த பின் ஓடிய தூரம்’ என்று ஒரு எண்ணை வைத்திருக்கும். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது 4 என்று காட்டினால், முந்தாநாள் யாரோ கைவைத்திருக்கிறார்கள். சுயபரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று வரிசையாகக் காட்டினாலும் அதே சந்தேகம்தான். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் பேரம், வாதம் எதுவும் வேண்டாம். பெட்ரோல் எரியாமல் வெளியேறி கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, ஓரங்கட்டுங்கள். சிவப்பில் ஆயில் விளக்கு என்றால் அந்த நிமிடமே என்ஜினை நிறுத்துங்கள்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். விற்பனைக்கு வந்த வண்டியை எதற்காக வெளியே எடுத்தார்கள், யார் ஓட்டினார்கள், எத்தனை கிலோமீட்டர் என்று பதிவேடு வைக்கவும் விதி உண்டு. டீலர் டீ குடிக்கப் போன தூரத்தைக்கூட எழுதச் சொல்கிற அரசாங்கம், கணினியில் இருக்கும் கோடுகளையும் அழித்த பின் ஓடிய தூரத்தையும் ஒரு தாளில் அச்செடுத்துப் பெயர் மாற்றும் படிவம் 29, 30ஓடு இணைக்கச் சொல்வதற்கு என்ன தடை? ஒரு தாள், ஐந்து நிமிடம். கே.டி.சி. நகர் தம்பி கையெழுத்துப் போட்டால் செல்லும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.